எதிர்க்கரைக்கு நிக்காசியா போட்ட திட்டம்

கசிமிரோ அண்ணனின் ஜீப்புக்கு நிக்காசியா அண்ணி பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். போன வருஷக் கால்பந்துப் போட்டிக்கு ஊர்ச் சதுக்கத்தில் கட்டியிருந்த பிளாஸ்டிக் விளம்பரத் துணி அது. சமையலறைத் தரையில் அதை விரித்துப் போட்டு, சாக்கு தைக்கிற ஊசியை மெழுகில் தேய்த்துத் தேய்த்து இழுத்தாள். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். உப்புவெளியின் மேல் மழைத்தண்ணீர் நிற்கிற மாதங்களில் எஞ்சினுக்கு முன்னால் இந்தப் பாவாடையைக் கட்டாமல் யாரும் இறங்கமாட்டார்கள். உப்புத்தண்ணீர் உள்ளே தெறித்தால் இரண்டே நாளில் ஒயரெல்லாம் பச்சை பூத்துவிடும். மற்ற ஓட்டுநர்கள் கையில் கிடைத்த சாக்கைக் கயிறு போட்டுக் கட்டுவார்கள். அண்ணி அளவெடுத்து, ஓரம் மடித்து, கொக்கி வைத்துத் தைப்பாள்.

"கொஞ்சம் இறுக்கிப் பிடி ஹசிந்தா. போன வருஷம் நீ பிடிச்ச பக்கம்தான் கோணலாப் போச்சு."

"போன வருஷம் நான் ஊர்லயே இல்ல அண்ணி."

"அதான் கோணலாப் போச்சு."

கார்னிவல் திருவிழா முடிந்த மறுநாள், புதன்கிழமை. முற்றமெங்கும் வண்ணக் காகிதத் துணுக்குகள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. ஜீப்பின் நான்கு சக்கரத்துக்கும் முந்தின நாள் பீர் ஊற்றி, முகப்பில் காகித மாலை போட்டுக் கும்பிட்டாகிவிட்டது. ஊரிலுள்ள ஓட்டுநர்கள் அத்தனை பேரும் குடித்துவிட்டு வீட்டுக்கு வீடு விழுந்து கிடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை ஒருவனும் சக்கரத்தைத் தொடப்போவதில்லை. அண்ணன் ஒருவர்தான் மறுநாளுக்குச் சவாரி ஒத்துக்கொண்டிருந்தார். சாந்தா குரூஸ் நகரத்திலிருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி. வியாழக்கிழமை காலை உப்புவெளியைக் குறுக்கே கடந்து துனுப்பா மலையடிவாரத்து எதிர்க்கரைக்குப் போய், அங்கே விடுதியில் தங்கி, வெள்ளிக்கிழமை திரும்ப வேண்டும். தண்ணீர் ஒரு சாணும் இரண்டு விரலும் நிற்பதாகக் கரையில் குச்சி நட்டுப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த அளவில் கடக்கலாம், கடக்காமலும் இருக்கலாம். அது ஓட்டுகிறவன் விருப்பம்.

நான் அடுத்த வீடு. கசிமிரோ என் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே குழாய். அதனால் நிக்காசியா அண்ணியைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அவளைப் பெற்றவளுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

அவள் தெற்கே, வெந்நீர் ஊற்றுகளுக்கும் அப்பால், லாமா மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் உப்பு வெட்டுகிற கூட்டத்துக்குச் சமைத்துப் போட இங்கே வந்தாள். லாரியிலிருந்து இறங்கி முதன்முதலில் உப்புவெளியைப் பார்த்தபோது, கரைய மறந்துபோன பனி என்று நினைத்தாளாம். குனிந்து ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். அப்போது பக்கத்தில் கோடாலியோடு நின்றவர் அண்ணன். "ருசி பார்த்துட்டு, சூப்புக்கு இன்னும் கொஞ்சம் வேணுமானு கேட்டா பாரு, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்" என்பார் அவர். "நான் அப்படிக் கேக்கவே இல்ல" என்பாள் அண்ணி. முப்பது வருஷமாக இந்த வழக்கு தீர்ப்பாகாமல் கிடக்கிறது.

அண்ணன் கோடாலியை வைத்துவிட்டு உப்பு ஏற்றுகிற லாரி ஓட்டப் போனார். ஒருநாள் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் கதவைத் தட்டி, காகிதத்தில் ஒரு மலையை வரைந்து காட்டி, அங்கே கூட்டிப்போக முடியுமா என்று சைகையில் கேட்டார்கள். அண்ணன் தலையாட்டிவிட்டார். எத்தனை நாள், என்ன சாப்பாடு, எங்கே படுக்கை என்று ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அண்ணி ஒரு காலி மாவுப் பையைக் கிழித்து, அதன் உட்புறத்தில் எழுதினாள். ஆள் மூன்று, கோழி இரண்டு, போர்வை ஆறு, தண்ணீர் இவ்வளவு, விறகு அங்கே கிடைக்காது. அதுதான் எங்கள் ஊரில் போட்ட முதல் பயணத் திட்டம். அதற்கப்புறம் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு மாறினாள். மற்ற ஓட்டுநர்கள் சவாரி ஒத்துக்கொண்டால் முற்றத்துக்கு வந்து நிற்பார்கள். "அக்கா, அஞ்சு பேர், மூணு நாள், ஒருத்தி கறி சாப்பிடமாட்டாளாம். என்ன எடுத்துக்கட்டும்?" அண்ணி துணி துவைத்தபடியே சொல்வாள். அவன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போவான்.

சாமான் கணக்கு யார் வேண்டுமானாலும் போடலாம். அண்ணியின் திட்டத்தில் மனுஷர்களும் இருப்பார்கள். கண்ணாடித் தண்ணீர் நடுவில் போய் நின்றதும் யார் சிரிப்பார்கள், யாருக்குத் தலை சுற்றும், வெளிச்சம் கீழேயிருந்து அடிப்பதால் மூக்குத் துவாரத்துக்குள்கூட வெந்துபோகும், அதற்கு எந்தக் களிம்பு என்று எல்லாம் எழுதியிருப்பாள். ஒரு நோட்டில் நானே பார்த்திருக்கிறேன்: 'பதினொன்றரை. பேச்சு நின்றுவிடும். ஜீப்பை நிறுத்த வேண்டாம். கால் மணி கழித்து ஆரஞ்சு உரித்துக் கொடுக்கவும்.'

இத்தனைக்கும் அவள் உப்புவெளியை முன்பக்கமாகப் பார்த்ததே இல்லை. சமையல்காரியாகப் போன சவாரிகளில் எல்லாம் அவளுக்கு ஜீப்பின் கடைசியில், பாத்திரங்களோடு, பின்னால் பார்த்து உட்காருகிற இடம்தான். சக்கரம் கிழித்த தண்ணீர் மெல்ல மூடிக்கொள்வதையும், விட்டுவந்த கரை ஒரு நூலாகி, அந்த நூலும் வானத்தில் கரைவதையும் மட்டும் பார்த்திருக்கிறாள். எதிரே வருவது என்ன என்பதை அண்ணன் வாயால் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். இந்தத் தடவை விடுதியிலேயே சாப்பாடு உண்டு. ஆகவே அவள் போகவில்லை.

பாவாடை தைத்து முடிந்ததும் மேசை மேல் வெள்ளைத் துணி விரித்தாள். ஒவ்வொரு சவாரிக்கும் முந்தின நாள் மத்தியானம் இது நடக்கும். மேசைத் துணிதான் உப்புவெளி. தேநீர்க் கெண்டி துனுப்பா மலை. உருளைக்கிழங்குகள் தீவுகள். ரொட்டிக் கூடை இந்தப் பக்கத்துக் கரை. அண்ணன் வந்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். அண்ணி நோட்டைத் திறந்தாள். நான் மூலையில் உலர்ந்த கறியை இழை இழையாகக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

"எட்டரைக்குக் கரையை விடறோம்" என்றாள் அண்ணி.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். எப்போதும் அப்படித்தான் செய்வார். "எட்டரைக்குக் காத்து இருக்காது. தண்ணி அசையாது. இறங்கும்போது மேகத்து மேல இறங்குற மாதிரி இருக்கும். அந்தப் பொண்ணு காலைத் தூக்கி இருக்கை மேல வெச்சுக்கும், பாரேன்."

"யானினானு பேரு. அப்புறம்?"

"மலைய வலது தோளுக்கு நேரா வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம். அடியில உப்பு கல்லு மாதிரி கிடக்கும். சத்தமே வராது. மேலயும் வானம், கீழயும் வானம். ஜீப்பு ஓடுற மாதிரியே தெரியாது. தொட்டில்ல கிடக்குற மாதிரி இருக்கும். நாரைக் கூட்டம் ஒண்ணு தலைகீழா நம்ம சக்கரத்துக்கு அடியில பறந்து போகும்."

அவர் சொல்லச் சொல்ல, கறி கிழித்துக்கொண்டிருந்த என் கை நின்றுபோனது. மேசைத் துணியின் மேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்து, கெண்டியிலிருந்து ஆவி எழுந்து, மலை மேகம் போர்த்திக்கொண்டது. ரொட்டிக் கூடை எங்கேயோ தூரத்தில் போய்விட்டது. இரண்டு உருளைக்கிழங்கும் அந்தரத்தில் மிதந்தன. அண்ணன் குரல் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. முதல் தீவு தண்ணீருக்கு மேலே ஒரு விரற்கடை தூக்கி நிற்கும். இரண்டாவது தீவு வருகிற வரை அவசரப்படக்கூடாது. அதற்குப் பிறகு மலையை நெற்றிக்கு நேரே வைக்க வேண்டும். அண்ணியும் எழுதுவதை விட்டுவிட்டு, கன்னத்தில் கைவைத்துக் கெண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து போகிற சவாரி அது ஒன்றுதான்.

பிறகு பேனாவை எடுத்தாள்.

"ரெண்டாவது தீவுக்கு முன்னாடி புதுசா ஒரு கண்ணு திறந்திருக்குனு சொன்னாங்களே."

கண் என்று நாங்கள் சொல்வது உப்பின் அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்து மேலே ஓட்டை போடுகிற இடத்தை. வெயில் காலத்தில் தூரத்திலேயே தெரியும். மழைக்காலத்தில் எல்லாமே தண்ணீர் என்பதால் கிட்டப் போனால்தான் தெரியும். கொஞ்சம் கருத்த நிறம், நாலு குமிழி, அவ்வளவுதான். முன்சக்கரம் இறங்கிவிட்டால் ஜீப் மூக்குக் குத்தி நின்றுவிடும். இரண்டு சக்கரமும் இறங்கினால் கதவு திறக்காது. வருஷா வருஷம் இடம் மாறும். மனப்பாடம் பண்ணி வைக்கிற விஷயமில்லை.

"பார்த்துப் போனா தெரியும்" என்றார் அண்ணன்.

"அதத்தான் எழுதிக்கறேன். பார்த்துப் போகணும்."

அண்ணனுக்கு ஆறு வருஷம் முன்பு இரண்டு கண்ணிலும் சதை வளர்ந்து, ஒரூரோ நகரத்து ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். உப்பு வெளிச்சத்தில் உழைக்கிற பாதிப் பேருக்கு அது வரும். மறுபடி உப்பில் இறங்கினால் மறுபடி வளரும், மறுபடி வெட்ட இடம் இருக்காது என்று டாக்டர் சொன்னார். அண்ணன் நன்றி சொல்லிவிட்டு மறுவாரம் இறங்கினார். கொஞ்ச நாளாக வீட்டில் சில்லறைச் சம்பவங்கள் நடந்தன. சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டார். முற்றத்தில் கட்டியிருந்த லாமாவை லாமா என்று தெரியாமல் "வாங்க, எப்ப வந்தீங்க" என்று விசாரித்தார். பிறகு எங்களைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன் என்றார். நாங்களும் சிரித்தோம். சிரித்துவிட்டால் அது வேடிக்கையாகிவிடுகிறது அல்லவா.

வழி பேசி முடிந்ததும் இலை போட்டுக் குறி பார்க்க வேண்டும். கோடு கோடாய் நெய்த சின்னத் துணியை மடியிலிருந்து எடுத்து அண்ணி மேசை மேல் விரித்தாள். கோக்கா இலைகளைப் பையிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். இந்த வீட்டு வழக்கம், அண்ணி போடுவாள், அண்ணன் படிப்பார். பச்சை முகம் மேலே விழுந்தால் நல்லது. வெளிறின வயிறு மேலே விழுந்தால் யோசிக்க வேண்டும். அண்ணி பிடியை வாயருகே கொண்டுபோய் மலையின் பேர் சொல்லி ஊதினாள். கையைத் துணிக்கு மேலே நீட்டினாள்.

அப்போது வாசலில் நாய் குரைத்தது. அண்ணி தலையைத் திருப்பினாள். கை அப்படியே நின்றது. விரல்கள் திறக்கவில்லை.

அண்ணன் துணிக்கு மேல் குனிந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு" என்றார். "முக்காவாசி பச்சை. இதோ ரெண்டு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு, நம்ம மாப்பிள்ளையும் பொண்ணும். இந்த நீளமானது நேரா மலையப் பார்த்துக் கிடக்கு. வழி சுத்தம்."

துணியில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கோடுகள் இருந்தன. இலை ஒன்றுகூட இல்லை. அத்தனையும் அண்ணியின் மூடிய கையில் இருந்தது.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நாய் குரைப்பதை நிறுத்தியிருந்தது. நாய்க்காகத்தான் கையை நிறுத்தினாளா, வேண்டுமென்றே நிறுத்தினாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"ஆமா" என்றாள் அண்ணி. "நேராத்தான் கிடக்கு."

கையைத் துணியின் மேல் இழுத்து வாரி எடுப்பது போல ஒரு சைகை செய்து, இலைகளைப் பைக்குள் போட்டாள். அண்ணன் தொப்பியை வைத்துக்கொண்டு, ஜீப்புக்குக் காற்று பார்க்கிறேன் என்று முற்றத்துக்குப் போனார். படியில் இறங்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு போனார். அதுவும் வெகுநாளாகச் செய்கிறார்தான். அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

அண்ணி நோட்டைத் திறந்து, எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அவள் திட்டத்தைக் கிழித்து நான் பார்த்ததில்லை.

"செவேரோ எங்க கிடக்கான்னு பாத்துக் கூட்டிட்டு வா" என்றாள்.

செவேரோ அவன் மாமியார் வீட்டு வாசலில், தலையில் காகிதத் துணுக்குகளோடு ஒரு நாற்காலியில் சரிந்திருந்தான். நாற்பது வயதுக்காரன், அவனும் ஓட்டுநர்தான், தங்கப் பல் கட்டியவன், எதற்கும் கேலி பேசுகிறவன். அவனை எழுப்ப இரண்டு வாளித் தண்ணீர் செலவானது. எங்கள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்ததும் அண்ணி சூடான கீன்வா தானியக் கஞ்சியை முன்னால் வைத்தாள்.

"நாளைக்கு எங்க ஜீப்ப நீ ஓட்டணும்."

செவேரோ கஞ்சியைக் கலக்கினான். ஏன் என்று கேட்கவில்லை. அண்ணிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றாள்.

"அக்கா, தலை வலிக்குது."

"எப்ப தெரியும்டா?"

"தண்ணி ஏறினதிலேருந்தே" என்றான். "டிசம்பர்ல ஒரு நாள் எங்க பின்னாடி வந்தவரு, நாங்க நின்ன இடத்துல நிக்காம, பக்கத்துல வந்து, போயிக்கிட்டே இருந்தாரு. ஹாரன் அடிச்சு நிறுத்தினோம். அதுலேருந்து அவருக்கு முன்னாடி யாராவது ஒருத்தன் போயிட்டிருக்கோம். கம்பத்துல சிவப்புத் துணி கட்டிக்கிட்டு. அவரு அதக் குறி வெச்சுப் பின்னாடியே வந்துடுவாரு. யாரும் யாருகிட்டயும் சொல்லி வெச்சுச் செய்யல அக்கா. அதுவா அப்படி ஆச்சு."

"என்கிட்ட ஒருத்தனும் சொல்லல."

"சொன்னா நீ திட்டத்துல எழுதிடுவ."

நாளைக்கு அவருக்கு முன்னால் போக ஒரு ஜீப்பும் இல்லை. அது மூன்று பேருக்கும் தெரிந்தது.

"சவாரியவே வேணாம்னு சொல்லிடேன்" என்றேன் நான்.

"சொன்னா உங்கண்ணன் இன்னொரு ஜோடியப் பிடிச்சு ஞாயித்துக்கிழமை போவாரு. தண்ணி இன்னும் ஒரு மாசம் நிக்கும்" என்றாள் அண்ணி. "இது ஒரு சவாரியோட போற விஷயமில்ல ஹசிந்தா."

"சரிக்கா, நான் ஓட்டறேன்" என்றான் செவேரோ. "ஆனா அவருகிட்ட சாவியக் கேக்கறது நானில்ல. எனக்கு இன்னும் நாலு பல்லு சொந்தமா இருக்கு."

அவன் போன பிறகு அண்ணி புதுப் பக்கத்தில் முதலிலிருந்து எழுதினாள். வெகுநேரம் எழுதினாள். வெளியே அண்ணன் பாவாடையை எஞ்சினுக்கு முன்னால் மாட்டிக்கொண்டிருந்தார். கொக்கிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக் கண்டுபிடித்து மாட்டினார். ஒன்றும் தப்பவில்லை.

சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் திட்டத்தை வாசிப்பது வழக்கம். அண்ணி ஒவ்வொரு வரியாக வாசிப்பாள். அண்ணன் "இருக்கு" என்று சொல்வார். முப்பது வரியானாலும் முப்பது "இருக்கு." அப்படிச் சொன்னால் அந்தப் பொருளுக்கு அவர் பொறுப்பு என்று அர்த்தம்.

"தண்ணி, நாப்பது லிட்டர்."

"இருக்கு."

"கறுப்புக் கண்ணாடி, ஆளுக்கு ஒண்ணு, உபரி ஒண்ணு."

"இருக்கு."

"தலைசுத்தலுக்கு இலைத் தேநீர், பிளாஸ்க்ல."

"இருக்கு."

"பலகை ரெண்டு, மண்வெட்டி, கயிறு."

"இருக்கு."

"ஆரஞ்சு, எட்டு."

"இருக்கு."

"ஓட்டுறது, செவேரோ."

அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"அவன் ஜீப்புக்கு என்ன ஆச்சு?" என்றார் அண்ணன்.

"அவன் ஜீப்பு அவன் வீட்ல நிக்குது. நம்ம ஜீப்ப ஓட்டுவான். நீ பக்கத்துல உக்காந்து வழி சொல்லுவ. நாரையக் காட்டுவ. பதினொண்ணரைக்கு மேல ஆரஞ்சு உரிச்சுக் குடுப்ப."

"எனக்குக் கை ஒடிஞ்சு போச்சா?"

"இல்ல."

"அப்புறம்?"

"இலைய நான் கீழ போடவே இல்ல கசிமிரோ."

அவர் மேசை மேல் கையை வைத்தார். மத்தியானம் துணி விரித்திருந்த இடத்தை உள்ளங்கையால் ஒருதரம் தடவிப் பார்த்தார்.

"போட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

"கையிலயே வெச்சிருந்தேன்."

"ஹசிந்தா இருந்தாளே. பார்த்தாளா?"

"பார்த்தேன் அண்ணே" என்றேன்.

"இலை விஷயத்துல நான் பொய் சொல்றவன் இல்ல. உனக்குத் தெரியும்" என்றார் என்னிடம். "பச்சையாத்தான் தெரிஞ்சுது."

"துணியில பச்சைக் கோடு இருக்கு" என்றாள் அண்ணி, மெல்ல.

பிறகு அவர் கேட்டார், "செவேரோவுக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். டிசம்பர்லேருந்து உனக்கு முன்னாடி ஒரு ஜீப்பு போயிட்டிருக்கு."

"சிவப்புத் துணி கட்டினது?"

"ஆமா."

"கார்னிவலுக்கு அப்பவே ஜோடிச்சுட்டானுங்கனு நினைச்சேன்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு வந்து, வேலை இல்லாமல் திரும்பிப் போனது. "மலை தெரியுது நிக்கா. பொய் இல்ல. மலை இன்னும் தெரியுது. ரெண்டா தெரியுது. மழைக்காலத்துல எல்லாருக்கும் ரெண்டாத்தான் தெரியும்."

"தரை தெரியுதா?"

அவர் மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு இருபத்தி நாலு வயசு" என்றாள் அண்ணி. "காலைத் தூக்கி இருக்கை மேல வெச்சுக்கும்னு நீதான் சொன்ன."

"உன் திட்டத்துக்கு நான் 'இருக்கு' சொல்லமாட்டேன்."

"சொல்ல வேணாம். நாளைக்கு ஆறரைக்கு செவேரோ வருவான்."

"முப்பது வருஷம் பின்பக்கம் பார்த்து உக்காந்தவ நீ. உனக்கென்ன தெரியும் அங்க எப்படி ஓட்டறதுனு" என்றார் அண்ணன். உறைக்கட்டும் என்றுதான் சொன்னார்.

"ஒண்ணும் தெரியாது" என்றாள் அண்ணி. "நீ சொன்னதுதான் தெரியும். அதனாலதான் கெண்டிய இந்தப் பக்கம் வெச்சு இத்தன வருஷம் உன்ன நம்பினேன்." கெண்டியை எடுத்து அவருக்குத் தேநீர் ஊற்றினாள். அவர் குடிக்கவில்லை. ஆறிப்போனதும் அதை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். அந்த வீட்டில் எதையும் வீணாக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. காற்றே இல்லை. ஆறரைக்கு செவேரோ வந்தான், முகம் கழுவி, தலையைப் படிய வாரி, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி. ஏழு மணிக்கு அந்த ஜோடி வந்தது. மாப்பிள்ளை ஃபாவியோவுக்குக் குளிரில் உதடு நீலமாகியிருந்தது. யானினா மூன்று சட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, சமையலறையில் நுழைந்ததும் அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அண்ணி இருவருக்கும் கஞ்சி ஊற்றினாள், பொரித்த ரொட்டி வைத்தாள். அண்ணன் மேசையின் கடைசியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். ராத்திரி அவர் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஜீப் சாவி எப்போதும் தொங்குகிற ஆணியில் இல்லை. அவர் சட்டைப் பையில் இருந்தது. வளையம் வெளியே தெரிந்தது.

அண்ணி அந்தச் சட்டைப் பையைப் பார்த்தாள். கேட்கவில்லை. செவேரோ கூரையைப் பார்த்தான்.

"அம்மா, ஒரு சந்தேகம்" என்றாள் யானினா. "அங்க நடுவுல பயமா இருக்குமா? எங்க மாமியார் போகாதனு சொன்னாங்க."

"உங்க மாமியார் வந்திருக்காங்களா இங்க?" என்றாள் அண்ணி.

"இல்ல."

"அப்ப அவங்க சொன்னத ஓரமா வெச்சுடு. கஞ்சியக் குடி."

ஃபாவியோ சிரித்தான். பிறகு, இரண்டு ஆண்களையும் மாறி மாறிப் பார்த்து, மரியாதையாகக் கேட்டான். "உங்கள்ல யாருங்க ஓட்டறது?"

அண்ணி கையில் கரண்டி அப்படியே நின்றது. இந்த இடத்துக்கு அவள் நோட்டில் ஒரு வரியும் இல்லை என்று எனக்குத் தெரியும். செவேரோவைப் போல வாயாடி ஊரிலேயே கிடையாது. அவனும் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்புக்கு மேலே ஜன்னலில் உப்புவெளியின் ஒரு கீற்றுத் தெரிந்தது. தண்ணீரா வானமா என்று பிரிக்க முடியாத வெளுப்பு. அதற்கு மேலே மலை. அதற்குக் கீழேயும் மலை.

அண்ணன் சட்டைப் பையில் கைவிட்டு, சாவியை எடுத்து, மேசை மேல் வைத்தார். வைத்துவிட்டு, விரலால் அதைச் செவேரோ இருந்த பக்கம் தள்ளினார். பொரித்த ரொட்டித் தட்டில் இடித்து நின்றது.

"முதல் அரை மணி ரெண்டாவது கியர்லயே போ" என்றார். "அவசரப்பட்டா அலை எழும்பும். அலை எஞ்சினுக்கு முன்னாடி போகக்கூடாது. கிளட்ச் கொஞ்சம் மேல பிடிக்கும், அதுக்குத் திட்டாத. ரெண்டாவது தீவுக்கு முன்னாடி இறங்கி நடந்து பார்த்துட்டு அப்புறம் ஏறு. செருப்பக் கழட்டிட்டு நட. காலுக்குத் தெரியும்."

"சரிண்ணே" என்றான் செவேரோ.

"அந்தப் பொண்ணு காலை மேல தூக்கி வெச்சா சிரிக்காத."

"சரிண்ணே."

யானினா ஒன்றும் புரியாமல் தன் காலைக் குனிந்து பார்த்தாள். செவேரோ சாவியை எடுத்துக்கொண்டான். மாப்பிள்ளையும் பெண்ணும் பைகளைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் முற்றத்துக்குப் போனார்கள். எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. பாவாடை படபடவென்று அடித்துக்கொண்டது இங்கே வரை கேட்டது.

அண்ணி ஆரஞ்சுப் பையை எடுத்து முடிச்சுப் போட்டாள். அண்ணன் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அவர் பக்கத்திலேயே நின்றாள். அவர் தலை அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. தொப்பியின் விளிம்பில் ஒரு மஞ்சள் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதை எடுத்துப் போட்டாள்.

"பக்கத்து இருக்கை காலியாத்தான் இருக்கு" என்றாள். "முன்னாடி பார்த்த இருக்கைதான். போறியா?"

அண்ணன் ஆரஞ்சுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஒரு கையை மேசை விளிம்பிலும் பிறகு சுவரிலும் வைத்து நடந்தார். நிலைப்படியில் ஒரு நொடி நின்று, உயரம் பார்த்து, தலையைக் குனிந்தார். வெளியே போனார்.